எட்டாத மூலையும் எட்டும் கருவியும்

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது நம் நாட்டுப் பழமொழி. பெரிய யந்திரங்களைப் பற்றிப் பேசுவோர் பலர். அவற்றைப் பேணும் சிறு கருவிகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். மோட்டார் வண்டிகளின் விரைவையும் அழகையும் விலையையும் குறித்து நம் கல்லூரித் தாழ்வாரங்களில் நாள்தோறும் உரையாடல் நிகழ்கின்றது. அவ்வண்டிகளின் எஞ்சின் எவ்வாறு அழுக்கடைகின்றது, அவ்வழுக்கை அகற்றுவது எது, அகற்றுவோர் யாவர் என்னும் வினாக்கள் அவ்வுரையாடலில் எழக் கண்டிலோம். ஆகவே, நீண்ட கம்பியொன்றின் முனையில் மயிர் செறிந்து நிற்கும் ஒரு சிறு பிரஷைப் பற்றி இம்மலரில் எழுத முன்வந்திருக்கின்றோம். இத்துணை அற்பமான பொருளைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் நகைக்க வேண்டா. அப்பிரஷ் இருக்கவேண்டிய இடத்தில் வேறொன்று இருப்பதை எம் கண்ணாலேயே கண்டோம். அதனாலேயே எழுதத் துணிந்தோம்.

எஞ்சின் என்பது ஒருவகையில் அடுப்பே. விறகுக்குப் பதிலாகப் பெட்ரோலோ டீசலோ காற்றோடு கலந்து அதனுள் எரிகின்றது. எரிபொருள் எச்சமின்றி எரிந்துபோமாயின் அடுப்பு கரி பற்றாது. ஆனால் அங்ஙனம் முற்றும் எரிதல் நடைமுறையில் இல்லை. அன்றியும், உறுப்புகள் ஒன்றோடொன்று உராயாதிருக்க இடும் மசகெண்ணெயும் சிறிது சிறிதாகக் கசிந்து வெப்பத்தினாற் கருகுகின்றது. இவையெல்லாம் சேர்ந்து பிஸ்டனின் தலையிலும், அதன் வளையங்கள் அமர்ந்திருக்கும் பள்ளங்களிலும், வால்வுகளின் முதுகிலும், காற்று நுழையும் வழிகளிலும் கருமையாகப் படிந்து இறுகுகின்றன. அடுப்பில் வைத்த பாத்திரத்திற்குப் புறத்தே கரி பற்றும்; எஞ்சினுக்கோ அகத்தே பற்றும். வேற்றுமை அவ்வளவே.

இக்கரியால் விளையும் கேடுகள் பல. வால்வு தன் இருக்கையில் நன்கு பொருந்தி மூடாது. மூடாவிடின் அழுத்தம் குறையும். வளையங்கள் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு தம் நெகிழ்ச்சியை இழக்கும். இழக்கவே எண்ணெய் மேலேறி எரிந்து புகையாக வெளிப்படும். கரித்துணுக்கு ஒன்று தணல்போற் கனன்று நின்று, மின்பொறி தோன்றுமுன்னரே கலவையைப் பற்றவைத்துவிடுதலும் உண்டு. வண்டி மேடேற மறுக்கும். எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். மோட்டார் வண்டி தோன்றிய தொடக்க காலத்தில், சில ஆயிரம் மைல் ஓடியதும் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிக் கரி சுரண்டுதல், குதிரைக்கு லாடம் மாற்றுவதுபோல் வழக்கமான ஒரு வேலையாக இருந்தது. பின்னர் எண்ணெயும் பெட்ரோலும் செம்மையுற்றன, அழுக்கைக் கரைக்கும் சரக்குகள் அவற்றிற் சேர்க்கப்பெற்றன, அவ்வேலை அருகிற்று.

ஆயினும் அது மறைந்துவிடவில்லை. 1996-ஆம் ஆண்டில் ஜப்பானிய மித்சுபிஷி கம்பெனியார், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சினைப் பெருந்தொகையிற் செய்து கார்களிற் பொருத்தலாயினர். பின்னர்ப் பிற கம்பெனியாரும் அம்முறையை மேற்கொண்டனர். எரிபொருள் சிக்கனத்திற்கு அம்முறை நன்று. ஆனால் முன்னைய எஞ்சின்களில் பெட்ரோல் வால்வின் முதுகின்மீது பட்டுச் செல்லுதலின் அதனை ஒருவாறு கழுவிக்கொண்டே சென்றது. புதிய முறையில் அக்கழுவுதல் இல்லை. எஞ்சினின் அடிப்பெட்டியிலிருந்து வரும் எண்ணெய் ஆவி வால்வின் முதுகிற் படிந்து காய்ந்து தடித்துவிடுகின்றது. இப்போது அதனை அகற்றுதற்கு வால்நட் ஓட்டைப் பொடித்துக் காற்றோடு வீசியடிக்கும் யந்திரங்கள் உள; அவை இல்லாத இடங்களில் பிரஷும் கொக்கிக் கம்பியுமே துணை. மிகப் புதிய எஞ்சின் மிகப் பழைய கருவியைத் திரும்ப அழைத்துக்கொண்டது என்பது கருதத்தக்கது.

இனி, அக்கருவியின் அமைப்பைச் சிறிது கூறுவோம். இரண்டு கம்பிகளை இணையாக வைத்து, அவற்றினிடையே பித்தளை மயிரையோ நைலான் மயிரையோ செருகி முறுக்கினால், மயிர்கள் சுருண்ட படிக்கட்டுப்போல் நாற்புறமும் நீட்டிக்கொண்டு நிற்கும். சீசா கழுவும் பிரஷும், நம் இரசாயனக் கூடத்திற் சோதனைக் குழாய்களைக் கழுவும் பிரஷும் இவ்வினத்தனவே. எஞ்சினுக்கென்று செய்யும்போது கழுத்தை நீளமாகவும், சிலவற்றில் வளைந்து கொடுக்கும் சுருள்வில்லாகவும் அமைக்கின்றனர். வால்வின் தண்டு நுழையும் துளைக்குச் சுண்டுவிரலினும் மெல்லிய தலை. காற்று வழிக்குப் பருத்த தலை. எண்ணெய்க் கால்வாய்களுக்கு நீண்ட தண்டு. இவ்வாறு இடத்திற்கேற்ப வடிவம் மாறும். மறைவான மூலையைப் பார்க்கக் கம்பியின் முனையிற் பொருத்திய சிறு கண்ணாடியும் உண்டு.

பட்டறைகளில் மேஸ்திரிமார் தாமே கண்ட கருவிகளும் சில உள. அவற்றுள் ஒன்று எம்மை வியப்பில் ஆழ்த்தியது. பிஸ்டனின் பள்ளத்திற் படிந்த கரியைச் சுரண்டுதற்கு, தேய்ந்து கழிந்த பழைய வளையமொன்றை ஒடித்து, ஒடிந்த முனையைத் தீட்டிக்கொள்கின்றனர். வளையம் அப்பள்ளத்தின் அளவிற்கே செய்யப்பெற்றதாதலின் அதனுள் இசைவாக நுழைகின்றது. காசு செலவில்லாத இக்கருவியைக் கண்டவர் பெயரை எந்நூலும் குறிக்கவில்லை.

இக்கருவிகளைக் கையாள்வதற்கும் முறையுண்டு. கருவி அழுக்கைவிட வலிதாகவும், சுத்தம் செய்யப்பெறும் உறுப்பைவிட மெலிதாகவும் இருத்தல் வேண்டும் என்பது முதல் விதி. அலுமினியத்தாற் செய்த பரப்பில் எஃகுச் சுரண்டியை ஓட்டினால் கரியோடு அலுமினியமும் வரும்; பின்னர் அவ்விடம் பொருந்தி மூடாது. கார்பரேட்டரின் ஜெட் என்னும் நுண்துளை பித்தளையால் ஆயது; அதிற் கம்பியை விட்டுக் குடைந்தால் துளை அகன்று பெட்ரோல் அளவின்றிப் பாயும்; ஆதலின் காற்றை ஊதியே அதனைச் சுத்தம் செய்தல் வேண்டும். சுழலும் தேய்ப்புத் தட்டுகளை எஞ்சினின் பரப்புகளிற் பயன்படுத்த வேண்டா என்று அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் தம் பணியாளர்களை எச்சரித்துள்ளனர். அவற்றிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடுத் துகள் எண்ணெயிற் கலந்து பேரிங்குகளைத் தின்றுவிடும் என்பது அவர்கள் காட்டிய காரணம். விரைவாகச் செய்யும் கருவியினும் அளவறிந்து செய்யும் கை மேலானது என்பதற்கு இஃது ஒரு சான்று.

நிற்க. யாம் இதனை எழுதக் காரணமாயிருந்த நிகழ்ச்சியை இனிச் சொல்லவேண்டும்.

ஒரு கோடை விடுமுறையில் எம் பழைய கார் மேடேற மறுத்தது. ஊரின் எல்லையில், புளியமர நிழலில் உள்ள ஒரு பட்டறைக்கு அதனைக் கொண்டுசென்றோம். ஊரின் பெயரும் பட்டறையின் பெயரும் இங்கு வேண்டா; அத்தகைய பட்டறை இல்லாத ஊரைக் காண்பது அரிது. மேஸ்திரியார் தொழிலில் வல்லவர். எஞ்சினின் ஓசையைச் சிறிது நேரம் கேட்டதுமே, வால்விற் கரி பிடித்திருக்கின்றது என்றார். காற்றுக் குழாயைக் கழற்றினார். உள்ளே கருமை அப்பிக் கிடந்தது. ஆனால் அவ்வழி எஞ்சினின் பின்புறத்தே, தகட்டுச் சுவரை ஒட்டி இருந்தமையால், அவருடைய கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. உடனே, "டேய், இங்கே வாடா" என்று குரல் கொடுத்தார். ஒரு சிறுவன் ஓடிவந்தான். அவனுக்கு வயது பன்னிரண்டுக்கு மேலிராது.

அவன் செய்த வேலையை யாம் அருகிருந்து பார்த்தோம். ஒடிந்த ரம்பத் தகடு ஒன்றின் ஒரு முனையிற் கந்தல் சுற்றியிருந்தது. அதனை மண்ணெண்ணெயில் தோய்த்தெடுத்து, வண்டியின்மீது மார்பைச் சாய்த்து, முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டு, தோள்வரை கையை உள்ளே நுழைத்தான். அவன் பார்வைக்கு அவ்விடம் எட்டாது. ஆதலின் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே தடவித் தடவிச் சுரண்டினான். தகடு எட்டாத மூலைகளில் நகத்தாற் கெல்லினான். அரைமணி நேரம் சென்றபின் கையை வெளியே எடுத்தான். முழங்கை வரை கருமை, விரற்கணுக்களில் இரத்தம். பெட்ரோலில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் அதனைத் துடைத்துக்கொண்டான்.

"தம்பி, கை எரியவில்லையா?" என்று கேட்டோம்.

"பழகிப்போயிற்று, ஐயா" என்றான்.

மேஸ்திரியார் எம் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவன் கைதான் ஐயா அதற்குள் நுழையும்" என்றார்.

"இதற்கென்றே நீண்ட பிரஷ்கள் உண்டல்லவா?"

"உண்டு, ஐயா. பட்டணத்திற் கிடைக்கும். பையன் இருக்கும்போது பிரஷ் எதற்கு?"

அவர் கொடுமையான உள்ளத்தோடு அதைச் சொல்லவில்லை. தாமும் பத்து வயதில் அவ்வாறே கைவிட்டுத் தொழில் கற்றவர் என்று பின்னர்ச் சொன்னார். யாம் கூலியைக் கொடுத்தோம். வண்டி மேடேறிற்று. அம்மகிழ்ச்சியிற் பையனை மறந்தும்போனோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

கல்லூரி திறந்தபின் ஒருநாள் ஆங்கில வகுப்பில், வில்லியம் பிளேக் என்னும் புலவர் புகைபோக்கி துடைக்கும் சிறுவரைக் குறித்துப் பாடிய பாடல்களை நடத்த நேர்ந்தது. அப்பாடல்களில் ஒன்று 1789-ஆம் ஆண்டிலும் மற்றொன்று 1794-ஆம் ஆண்டிலும் வெளிவந்த தொகுதிகளில் உள்ளன. குளிர்நாடாகிய இங்கிலாந்தில் வீடுதோறும் கணப்படுப்பும் அதற்கொரு புகைபோக்கியும் உண்டு. அக்குறுகிய புழைகளிற் பெரியவர் நுழைய இயலாமையின், ஏழைச் சிறுவரை உள்ளே ஏற்றிக் கரியைத் துடைக்கச் செய்தனர். முழங்காலும் முழங்கையும் தோலுரிய அவர்கள் ஏறினர். சிலர் உள்ளே சிக்கி மாண்டனர். வகுப்பு முழுவதும் இரங்கிற்று. அப்போது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, புகைபோக்கி துடைக்கும் கருவி அக்காலத்தில் இல்லையா?" என்று வினவினார். எமக்கு விடை தெரியவில்லை. பார்த்துச் சொல்கின்றோம் என்று கூறி, அன்று மாலை நூல்நிலையத்திற்குச் சென்றோம்.

அங்கே அறிந்தது இது: கருவி இருந்தது. 1803-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர், உள்ளீடற்ற கோல்களை ஒன்றன்மேலொன்றாக இணைத்து, அவற்றினூடே ஒரு கயிற்றைச் செலுத்தி இறுக்கி, உச்சியிற் பிரஷ் பொருத்திய கருவியொன்றைச் செய்தார். சிறுவரை ஏற்றும் வழக்கத்தை ஒழிப்பதற்கென்றே லண்டனில் ஒரு சங்கமும் அதே ஆண்டில் நிறுவப்பெற்றது. 1828-ஆம் ஆண்டில் ஜோசப் கிளாஸ் என்பவர் அக்கருவியை மேலும் செம்மைப்படுத்தினார். எனினும் சிறுவர் ஏறுவது நின்றபாடில்லை. 1834-ஆம் ஆண்டில் ஒரு சட்டம். 1840-ஆம் ஆண்டில், இருபத்தொரு வயது நிரம்பாதவரை ஏற்றலாகாது என்று மற்றொரு சட்டம். 1864-ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம். இவையெல்லாம் ஏட்டிலேயே கிடந்தன. 1875-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜை அடுத்த புல்போர்ன் என்னும் ஊரில் ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் புகைபோக்கியிற் சிக்கி உயிர்நீத்தான். ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் அவ்வாண்டிலேயே, இத்தொழில் செய்வோர் போலீசாரிடம் அனுமதி பெறவேண்டும் என்னும் சட்டம் பிறந்தது. அதன்பின்னரே அக்கொடுமை ஒழிந்தது.

கருவி பிறந்தது 1803. கொடுமை ஒழிந்தது 1875. இடையே கழிந்தவை எழுபத்திரண்டு ஆண்டுகள். இத்துணைக் காலம் தாழ்த்தியது யார்? தொழில் நடத்தியோர் மட்டும் அல்லர். பிரஷால் துடைத்தாற் கரி பறந்து தம் இருக்கைகளும் விரிப்புகளும் பாழாகும் என்று வீட்டுக்காரர் அஞ்சினர். வளைந்த புகைபோக்கிகளைத் திருத்திக் கட்ட அவர்கள் செலவிட விரும்பவில்லை. சிறுவன் மலிவாகக் கிடைத்தான். கூலி கொடுத்தவர் கேளாதவரை, கூலி வாங்கியவர் மாற்றவேண்டிய கட்டாயம் யாதும் இல்லை.

இவ்விடத்தைப் படித்தபோது புளியமரத்தடிப் பட்டறை எம் நினைவிற்கு வந்தது. இரு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த அயல்நாட்டுச் சிறுவருக்காக வகுப்பில் இரங்கினோம். ஆனால் தோள்வரை கரியில் கைவிட்ட சிறுவனுக்குக் கண்முன்னே கூலி கொடுத்துவிட்டு வந்தோம், அக்கூலியையும் அவனிடம் அன்று, மேஸ்திரியாரிடமே கொடுத்தோம். கருவி அழுக்கினும் வலிதாயிருத்தல் வேண்டும் என்று மேலே விதி கூறினோமே. அச்சிறுவனின் விரலோ அவ்வழுக்கினும் மெலிது. அதனை எந்த விதியாற் கருவியாக்கினோம்?

கைக்கு வரும் காயம் ஆறிவிடும் என்பாரும் உளர். காயத்தோடு முடிவதாயின் அங்ஙனம் கூறலாம். புகைபோக்கி துடைத்தவர்க்குப் பிற்காலத்திற் புற்றுநோய் வருவதைப் பெர்சிவல் பாட் என்னும் மருத்துவர் 1775-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். தோலிற் படிந்த கரியே காரணம் என்றார். எஞ்சினில் ஓடிக் கறுத்த எண்ணெயும் பல்லாண்டு தோலிற் படிந்துவரின் தோற் புற்றுநோய்க்கு இடமாகும் என்று இன்றைய மருத்துவர் எச்சரிக்கின்றனர். அன்றியும், 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டில் விலக்கப்பெறும் வரை பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்நாளில் எஞ்சினுட் சுரண்டிய கரியிலும் ஈயம் இருந்தது. வளரும் குழந்தையின் மூளைக்கு ஈயம் எத்துணைக் கேடு என்பதை அறிவியல் மாணவர்க்கு யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பத்து வயதில் தொடங்குபவன் உடலில் இருபது வயதில் தொடங்குபவனைக் காட்டிலும் பத்தாண்டுக் கரி மிகுதியாக ஏறுகின்றது.

அடுத்த வாரமே பட்டணத்திற்குச் சென்று, பித்தளையும் நைலானுமாக ஒரு தொகுதி பிரஷ்களை வாங்கினோம். வண்டிக்கு ஒருமுறை பெட்ரோல் நிரப்பும் தொகைகூட அதற்கு ஆகவில்லை. அவற்றை மேஸ்திரியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டார். கழுத்தை வளைத்துப் பார்த்தார். மயிரைத் தடவிப் பார்த்தார். நல்ல சாமான் என்று மெச்சினார். பின்னர், "டேய், இதைப் பத்திரமாக வை. இனி இதைக்கொண்டு சுரண்டு" என்று சொல்லி, அப்பையனிடமே கொடுத்தார்.

யாம் செய்த பிழை அப்போதுதான் விளங்கிற்று. கருவியைக் கொடுத்தாற் சிறுவன் விடுபடுவான் என்று எண்ணினோம். சிறுவனுக்குக் கருவி கிடைத்தது, விடுதலை கிடைக்கவில்லை. சில நாட்கள் கழித்து மீண்டும் சென்று மேஸ்திரியாரோடு நெடுநேரம் பேசினோம். சட்டத்தையும் எடுத்துச் சொன்னோம். அவர் ஒன்றும் மறுக்கவில்லை. மூன்றாம் முறை சென்றபோது பிரஷைத் தாமே பிடித்து வேலை செய்துகொண்டிருந்தார்; முன்னினும் விரைவாக முடிகின்றது என்றும் கூறினார். பையன் அங்கில்லை. பள்ளிக்குச் சென்றுவிட்டானா என்று ஆவலோடு கேட்டோம். "இல்லை, ஐயா. பஸ் ஸ்டாண்டு அருகே வேறொரு பட்டறையிற் சேர்ந்துவிட்டான்" என்றார்.

அன்றுமுதல் இக்கட்டுரை எம் உள்ளத்தில் இருந்து வருகின்றது.

சட்டம் இல்லை என்று சொல்லித் தப்ப இயலாது. பதினான்கு வயது நிரம்பாத குழந்தையைத் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ இடர்மிக்க பிற வேலையிலோ அமர்த்தலாகாது என்று நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு விதிக்கின்றது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையில் மோட்டார் வண்டி பழுதுபார்க்கும் வேலையும் பின்னர்ப் பெயர் சுட்டிச் சேர்க்கப்பெற்றது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுதல் முதலிய சில விலக்குகள் நீங்கலாக, பதினான்கு வயதிற்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்றது. மீறுவோர்க்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறையோ, இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதித்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கல்வி குழந்தையின் உரிமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. 1834-ஆம் ஆண்டுக்கும் 1875-ஆம் ஆண்டுக்கும் இடையே இங்கிலாந்து இருந்த நிலையிலேயே நாமும் நிற்கின்றோம்: கருவியும் உண்டு, சட்டமும் உண்டு, கேட்பார் இலர்.

இதற்கு மாறாகக் கூறப்படும் காரணங்களை நேர்மையோடு ஆராய வேண்டும். சிறுவயதிலேயே தொடங்கினாலன்றித் தொழில் படியாது என்பர் சிலர். மேஸ்திரியாரின் கைத்திறனைக் கண்ட யாம் இதனை எளிதிற் புறக்கணிக்க மாட்டோம். ஆனால் அச்சிறுவன் கற்றது என்ன? வால்வு ஏன் மூடவில்லை என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் கை சிறிதாயிருக்கும் வரையே அவ்வேலை அவனுடையது. கை பருத்ததும் வேறொரு சிறுவன் வருவான். முறையாகத் தொழில் கற்பிக்க 1961-ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டம் உண்டு. அதுவும் பதினான்கு வயதிற்குக் குறைந்தாரை ஏற்பதில்லை. பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கு அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பயிற்சி இரண்டாண்டு அளிக்கப்பெறுகின்றது.

வறுமை என்பர் வேறு சிலர். இக்காரணம் மெய்யானது, கேட்போர் வாயை அடைப்பதும் இதுவே. ஆயினும் அச்சிறுவனின் அற்பக் கூலி அவன் குடும்பத்தை வறுமையிலிருந்து மீட்டதாக யாம் காணவில்லை. அவன் மலிவாகக் கிடைப்பதால், அவ்விடத்தில் முழுக்கூலி பெறவேண்டிய இளைஞர் ஒருவர் வேலையின்றி நிற்கின்றார். நம் மாநிலத்திற் பள்ளிப் பிள்ளைகட்குப் பகலுணவு 1956-ஆம் ஆண்டிற் பரவலாகத் தொடங்கி, 1982-ஆம் ஆண்டில் சத்துணவாக விரிந்து, 2022-ஆம் ஆண்டு முதல் தொடக்கப்பள்ளிகளிற் காலைச் சிற்றுண்டியோடும் நடைபெற்று வருகின்றது. வயிற்றுக்காகவே பள்ளியை விடவேண்டும் என்னும் நிலையை மாற்றவே இவை ஏற்பட்டன.

மின்சார வண்டிகள் பெருகினால் எஞ்சினும் இராது, கரியும் இராது, ஆதலின் இது தானே தீரும் என்று கூறுவோரும் உண்டு. அவ்வண்டிகளில் இக்கரி இல்லை என்பது உண்மையே. ஆனால் இன்று சாலையில் ஓடும் எஞ்சின்கள் ஓய்வதற்குள் இன்றைய சிறுவர் வளர்ந்துவிடுவர்.

ஆகவே நம் கல்லூரியைச் சேர்ந்தோர் செய்யத்தக்கவை எவை? ஆசிரியருள்ளும் பழைய மாணவருள்ளும் வண்டியுடையார் பலர். வண்டியைப் பட்டறையில் விடுமுன், இங்கே சிறுவர் வேலை செய்கின்றனரா என்று கேட்பது அவர்கள் கடன். அக்கேள்விக்குச் செலவில்லை, நூறு பேர் கேட்பின் மேஸ்திரிமார் காதில் விழாமற் போகாது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் நம் ஊர்ப் பட்டறைகளுக்குச் சென்று, இத்தகைய பிரஷ்களை அறிமுகம் செய்யலாம். பிடியும் கழுத்தும் மாற்றி நம் கல்லூரித் தொழிற்கூடத்திலேயே சிலவற்றைச் செய்தும் பார்க்கலாம். பெரியவர் கை நுழையாத இடத்தில் நுழையும் கருவியைச் சமைப்பது பௌதிக மாணவருக்கு நல்லதொரு பயிற்சி. மோட்டார்க் கம்பெனிகளிற் பதவி வகிக்கும் பழைய மாணவர், கழற்றாமலே சுத்தம் செய்யத்தக்க இடத்தில் உறுப்புகளை அமைக்குமாறு வலியுறுத்தலாம்.

எல்லாவற்றினும் மேலாக, சிறுவன் ஒருவனை வேலையிற் கண்டால் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணிற்குச் சொல்லவேண்டும். சொன்னதோடு நில்லாமல் அவன் பள்ளியிற் சேர்ந்தானா என்பதையும் தொடர்ந்து பார்த்தல் வேண்டும். யாம் முதல் நாளே அதனைச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. மேஸ்திரியாருக்குத் துன்பம் வருமே என்று தயங்கினோம். அத்தயக்கத்தின் பயன், ஒரு பட்டறையிலிருந்து சிறுவன் மற்றொரு பட்டறைக்குச் சென்றதே. இப்போது பஸ் ஸ்டாண்டு அருகே உள்ள பட்டறைகளை ஒவ்வொன்றாக விசாரித்து வருகின்றோம். மாணவர் இருவர் எம்மோடு வருகின்றனர். அவர்களுள் ஒருவர் வகுப்பில் எழுந்து அக்கேள்வியைக் கேட்டவர்.

அவருக்கு யாம் கொடுக்கவேண்டிய விடையை இங்கே எழுதி முடிக்கின்றோம். கருவி இருந்தது, தம்பி. அந்நாளிலும் இருந்தது, இந்நாளிலும் இருக்கின்றது. அதனைக் கேட்டு வாங்க வேண்டியவர் கேளாதிருந்தனர். நாம் கேட்போமாக.